தோட்டா எங்கே போய் நிற்கும்?

செஞ்சி வட்டாரத்தில் துப்பாக்கி உரிமம் வைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

செஞ்சி, மேல்மலையனூர் பக்கத்துக் கிராமங்களில் உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருக்கும் பெரியவர்களுக்கும், அண்ணன் தம்பிகளுக்கும், வீட்டுக்காரர் மறைந்தபின் உரிமத்தைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டு கழனி வீட்டைக் காத்துவரும் அக்காமார்களுக்கும்:

நான் ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவன். உங்களைப்போல உரிமம் வைத்திருப்பவன். அதனால் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையிலும், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டை எடைக்குக் காத்திருக்கும் நேரத்திலும் ஒரே கேள்வியைப் பலர் என்னிடம் கேட்கிறீர்கள். “வீட்டுக் காவலுக்கு எந்தத் தோட்டா நல்லது? ரைபிள் வாங்கிவிடலாமா? எது அடித்தால் ஆள் அங்கேயே விழுவான்?” ஒவ்வொருவருக்கும் நின்ற இடத்தில் அரைகுறையாகச் சொல்வது நியாயமில்லை. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஆகவே எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

உங்கள் பயம் வீண் பயம் இல்லை. 2024 நவம்பர் கடைசியில் பல்லடம் அருகே சேமலைகவுண்டன்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் இருந்த பெற்றோரையும் மகனையும் கொன்றார்கள். அடுத்த சில மாதங்களில், 2025இல், ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பக்கம் தனி வீட்டில் இருந்த வயதான தம்பதியைக் கொன்று நகையை எடுத்துப் போனார்கள். தோட்டத்து வீட்டுக்காரர்களுக்குத் துப்பாக்கி உரிமம் வேண்டும் என்ற பேச்சு அதன்பிறகு பலமாக எழுந்தது. நம் பக்கமும் நிலைமை அதேதான். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். கழனி வீட்டில் இரண்டு பெரியவர்கள், நாலு ஆடு, ஒரு மோட்டார் கொட்டகை. ராத்திரி நாய் குரைத்தால் தூக்கம் போய்விடுகிறது. இந்தப் பயத்தைத் தெரிந்தவன் என்பதால்தான் சொல்கிறேன்: வீட்டுக்குள் ரைபிள் தோட்டா வேண்டாம். எந்தத் தோட்டா என்று கேட்பதற்கு முன்னால், அது எங்கே போய் நிற்கும் என்று கேளுங்கள். இந்த மடல் முழுவதும் அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

நார்த்தாமலையை நினைத்துப் பாருங்கள். புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைக்கு அருகே பசுமலைப்பட்டியில் துப்பாக்கி சுடும் பயிற்சித் தளம் இருந்தது. 2021 டிசம்பர் 30 காலை மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையினர் அங்கே பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏறத்தாழ 2 கி.மீ. தள்ளித் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் ஒரு தோட்டா பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவமனையில் உயிருக்குப் போராடி, 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்துபோனான். சுட்டவர்கள் பயிற்சி பெற்றவர்கள். சுட்ட இடம் சுடுவதற்கென்றே அமைத்த தளம். சுட்ட நேரம் பகல். அப்படியிருந்தும் ஒரு தோட்டா தப்பிப் போய் ஒரு குழந்தையைத் தேடிப் பிடித்தது. நீங்கள் சுடப்போவது நள்ளிரவில், தூக்கக் கலக்கத்தில், கை நடுங்கிக்கொண்டு, உங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்து.

நம் நாட்டில் உரிமத்தின்மேல் பரவலாகக் கிடைக்கும் ரைபிள் ரகங்கள் சிலதான். பாயின்ட் 22, பாயின்ட் 315, முப்பது நாட் ஆறு ஆகியவை அவற்றில் முக்கியமானவை. சின்னது என்று எல்லோரும் அலட்சியமாகப் பார்க்கும் பாயின்ட் 22 தோட்டாவே தடையில்லாவிட்டால் 1.5 கி.மீ. போகும். தோட்டாப் பெட்டியின்மேலேயே அந்த எச்சரிக்கையை அச்சடிப்பது வழக்கம். பாயின்ட் 315 என்பது 8 மி.மீ. ரகம். வெள்ளைக்காரன் ஆட்சியில் படையின் .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று தடுத்ததால் இங்கே நிலைத்த ரகம் இது. இஷாபூர் தொழிற்சாலையில் இதற்கான ரைபிளைச் செய்கிறார்கள். குழலை விட்டுக் கிளம்பும்போது இதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 600 மீட்டர். முப்பது நாட் ஆறு 800 மீட்டரையும் தாண்டும். சற்று மேல்நோக்கிச் சுட்டால் 4, 5 கி.மீ. வரை போய் விழக்கூடியது. செஞ்சி நான்குமுனை ரோட்டில் இருந்து அந்தத் தூரத்துக்குள் எத்தனை ஊர் அடங்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பாயின்ட் 315, முப்பது நாட் ஆறு தோட்டாக்கள் மானையும் பன்றியையும் நூறு இருநூறு மீட்டரில் வீழ்த்தும் வலுவுள்ளவை. பன்னிரண்டடி அறைக்குள் அவற்றுக்கு வேலையே இல்லை. கூரை வேய்ந்த வீடு, தகரக் கதவு, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், பலகை ஜன்னல் எதுவும் ரைபிள் தோட்டாவுக்குத் தடையே இல்லை. நாலரை அங்குலச் செங்கல் சுவரையும், உள்ளே வெற்றிடம் விட்ட ஹாலோ பிளாக் சுவரையும் நம்பக் கூடாது. திருடனை அடித்த தோட்டா அவனைத் துளைத்துக்கொண்டு போய் அடுத்த அறையில் தூங்கும் பேத்தியையோ, வேலிக்கு அந்தப் பக்கம் பங்காளி வீட்டுத் திண்ணையில் படுத்திருப்பவரையோ அடிக்கும். குறி தவறிய தோட்டாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஏற்கெனவே பாயின்ட் 315 வைத்திருக்கிறீர்கள், வேறு துப்பாக்கி கிடையாது என்றால் ஒன்றைக் கவனியுங்கள். மூக்கில் ஈயம் தெரியும் தோட்டா, பட்ட இடத்தில் விரிந்து வேகத்தை இழக்கும். மூக்குவரை உலோக உறை மூடிய தோட்டா விரியாது, துளைத்துக்கொண்டே போகும். இரண்டில் முதலாவதுதான் ஆபத்துக் குறைந்தது. அதைப் போட்டால் சுவரே தடுத்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். குறி தவறினால் இரண்டும் ஒன்றுதான்.

இனி நம் ஊருக்கே உரிய ஒரு ஆபத்தைச் சொல்ல வேண்டும். செஞ்சி பாறை நாடு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை மட்டும் சொல்லவில்லை. கழனி நடுவில் பாறை, கிணற்றுமேட்டில் பாறை, வீட்டுக் கொல்லையில் பாறை. வரப்பு போட்டால்கூட ஒரு உருண்டைக் கல்லைச் சுற்றிக்கொண்டுதான் போடுகிறோம். மண் மேட்டில் பாயும் குண்டு புதைந்து நின்றுவிடும். கருங்கல்லில் சாய்வாகப் படும் குண்டு நிற்காது. ஏரியில் தட்டைக் கல்லை வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அப்படித் திசை மாறிப் போகும். எந்தத் திசை என்று சுட்டவனுக்கே தெரியாது.

எங்கள் பக்கத்துக் கழனியில் அப்படி ஒரு பாறை இருக்கிறது. மல்லாட்டைக் கொல்லையில் எதையோ விரட்ட ஒருவர் பன்னிரண்டு போர் ரவைத் துப்பாக்கியில் ஒற்றைக் குண்டு போட்டுச் சுட்டார். மறுநாள் காலை போய்ப் பார்த்தோம். பாறையின் முதுகில் கட்டைவிரல் அகலத்துக்குக் கருங்கல் வெள்ளையாகச் சிதைந்திருந்தது. அந்த இடத்தில் இருந்து ஒரு சாண் நீளத்துக்கு, பென்சிலால் தேய்த்ததுபோல ஈயத்தின் சாம்பல் பூச்சு ஒரே பக்கமாக இழுபட்டிருந்தது. அந்தப் பூச்சு காட்டிய திசையில் நடந்தோம். மோட்டார் கொட்டகையின் தகரக் கதவில், இடுப்பு உயரத்தில், பக்கவாட்டில் கிழித்துக்கொண்டு ஒரு நீள ஓட்டை. குண்டு நசுங்கி உள்ளே சுவரோரம் கிடந்தது. சுட்டவர் குறிவைத்த திசைக்கும் அந்தக் கொட்டகைக்கும் சம்பந்தமே இல்லை. தண்ணீர் பாய்ச்சுகிற முறை அன்றைக்கு வேறு ஒருவருக்கு இருந்ததால் அங்கே ஆள் இல்லை. அவ்வளவுதான்.

கோட்டைப் பக்கம் ஆள் நடமாட்டமும் முன்போலக் குறைவாக இல்லை. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் சேர்த்து செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபின் வெளியூர்க்காரர்கள் வருவது கூடியிருக்கிறது. பாறைச் சரிவில் ஆடு மேய்ப்பவர்கள் இருக்கிறார்கள், விறகு பொறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள், அமாவாசைக்கு மலையனூர் போகிற கூட்டம் இரவெல்லாம் ரோட்டில் நடக்கிறது. ‘பின்னாடி மலைதானே’ என்று நினைத்துச் சுடக்கூடிய இடம் இந்த ஊரில் எங்கேயும் இல்லை. ‘மிரட்டத்தானே, வானத்தைப் பார்த்து ஒரு வெடி’ என்பதும் ஆகாது. மேலே போனது கீழே வந்தே தீரும். 2019இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாகச் சுடுவதற்கும் கொண்டாட்டத்துக்குச் சுடுவதற்கும் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று வைத்துவிட்டார்கள்.

ரைபிள் வேண்டாம் என்றால் பன்னிரண்டு போர்தான். அதிலும் தோட்டாவுக்குத் தோட்டா வித்தியாசம் உண்டு. ஒரு தோட்டாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடியில் பித்தளைக் கிண்ணம், நடுவில் கேப், சுற்றி 12 என்ற முத்திரை. மேலே காகித அல்லது பிளாஸ்டிக் குழாய். அதன் வாயில் அல்லது பக்கத்தில் ஒரு எண்ணோ எழுத்தோ இருக்கும். அதுதான் உள்ளே இருக்கும் ரவையின் அளவு. எண் கூடக்கூட ரவை சிறிதாகும். 6ஆம் நம்பர் ரவை 2.6 மி.மீ. கனம். 4ஆம் நம்பர் ஏறத்தாழ 3 மி.மீ.; ஒரு தோட்டாவில் நூற்றைம்பதுக்கு மேல் இருக்கும். பி.பி. 4 மி.மீ. சொச்சம். எஸ்.ஜி. 8 மி.மீ.க்கு மேல், ஒரு தோட்டாவில் ஒன்பது ரவை அளவில்தான் இருக்கும். எல்.ஜி. அதைவிடப் பெரிது, எண்ணிக்கையில் இன்னும் குறைவு. கடைசியில் ஒற்றைக் குண்டு.

எது எவ்வளவு தூரம் போகும் என்பதும் இந்த அளவைப் பொறுத்தது. 6ஆம் நம்பர் ரவை ஏறத்தாழ 200 மீட்டரில் விழுந்துவிடும். எஸ்.ஜி. 600 மீட்டருக்கு மேல் போகும். ஒற்றைக் குண்டு 1 கி.மீ.யைத் தாண்டும். அதனால்தான் சொல்கிறேன்: பக்கத்தில் வீடுகள் இருக்கும் தெருவிலோ காலனியிலோ கூரை வீட்டிலோ இருப்பவர்கள் எல்.ஜி., எஸ்.ஜி., ஒற்றைக் குண்டு மூன்றையும் வீட்டுக் காவலுக்கு எடுக்கவே கூடாது. 4ஆம் நம்பரோ பி.பி.யோ போதும். சிறு ரவை ஆழமாகப் போகாது, தடித்த உடுப்பு போட்டவனை உடனே நிறுத்தாமல் போகலாம் என்று அனுபவஸ்தர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அறைக்குள் நாலைந்து மீட்டரில் அந்த ரவை இன்னும் பரவியே இருக்காது. ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் கொத்தாகத்தான் போய்ப் படும். அந்தக் காயம் லேசான காயம் இல்லை. நாலு பக்கமும் ஒன்பது அங்குலச் சுவர், சுற்றிலும் சொந்தக் கழனி, கூப்பிடு தூரத்தில் எந்த வீடும் இல்லை என்கிற தனி வீட்டுக்காரர்கள் மட்டும் எஸ்.ஜி. பற்றி யோசிக்கலாம்.

இதில் இருந்தே இன்னொரு தப்பு நினைப்பும் அடிபட்டுப் போகிறது. “ரவைத் துப்பாக்கிக்குக் குறி வேண்டாம், தூக்கிச் சுட்டால் எதையாவது பிடிக்கும்” என்பார்கள். வீட்டுக்குள் இருக்கும் தூரத்தில் ரவை பரவாது என்பதால் குறி தவறினால் மொத்தக் கொத்தும் தவறும். அந்தக் கொத்து கதவை, மெல்லிய தடுப்பை, ஓட்டுக் கூரையைத் தாண்டும் என்பதையும் மறக்காதீர்கள். சின்ன ரவை ஆபத்தைக் குறைக்கும். இல்லாமல் ஆக்காது.

யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் பேசுவதைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகள் சிலர் வேறு மாதிரி வாதிடுகிறார்கள். லேசான, அதிவேகமான ரைபிள் குண்டு பட்டதும் உடைந்து சிதறிவிடும், அதனால் வீட்டுக்குள் அதுவே பாதுகாப்பு என்பது அவர்கள் கட்சி. அந்த வாதத்துக்கு அங்கே ஒரு அடிப்படை இருக்கலாம். அவர்கள் வீட்டு உள்சுவர் மரச்சட்டத்தின்மேல் அடித்த ஜிப்சம் அட்டை. அவர்கள் பேசும் தோட்டா 5.56 மி.மீ. குடும்பத்தைச் சேர்ந்தது. நம் நாட்டில் அது இன்சாஸ் ரைபிளில் படை போடும் ரகம், பொதுமக்களுக்குக் கிடையாது. நமக்குக் கிடைக்கும் கனத்த 315 குண்டு அப்படிச் சிதறுவதற்காகச் செய்தது இல்லை. நம் வீடு வேறு, நம் சட்டம் வேறு, கையில் இருக்கும் தோட்டா வேறு. அவர்கள் முடிவை மட்டும் இங்கே இறக்குமதி செய்ய முடியாது.

தோட்டா சரியாக இருந்தாலும் துப்பாக்கி ஒத்துக்கொள்ள வேண்டும். நம் பக்கத்து உரிமத் துப்பாக்கிகளில் தாத்தா காலத்து இங்கிலீஷ், பெல்ஜியம் டபுள் பேரல்கள் இருக்கின்றன. அவற்றில் பல இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கு, அதாவது 65 மி.மீ. ரகத்துக்கு அறை வெட்டியவை. இன்று கடையில் கிடைப்பதில் 70 மி.மீ. ரகமும் உண்டு. சுடுவதற்கு முன் அதுவும் அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், குழலும் மூடிக்கொள்ளும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. சுடும்போதுதான் தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். குழலின் அடியில் இருக்கும் முத்திரைகளைத் தெரிந்த துப்பாக்கி ரிப்பேர்க்காரரிடம் காட்டி, எந்த நீளம், எந்த மருந்துக்குச் சோதித்த குழல் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கோடு கோடாகப் பின்னல் தெரியும் பழைய டமாஸ்கஸ் குழல் என்றால் அதைச் சுவரில் மாட்டிவையுங்கள். இன்றைய புகையில்லா மருந்தை அது தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

வீட்டில் இருபது போர் துப்பாக்கியும் இருந்தால் அதன் தோட்டாவைப் பன்னிரண்டு போர் தோட்டாவோடு ஒரே பையில் போடவே போடாதீர்கள். இருபது போர் தோட்டா பன்னிரண்டு போர் குழலுக்குள் சரிந்து இறங்கி, கொஞ்ச தூரத்தில் சிக்கி நிற்கும். அறை காலியாகத் தெரியும். அவசரத்தில் பின்னால் இன்னொரு தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்து இடது கை போய்விடும். உலகம் முழுக்க இந்த விபத்து திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

நம் வெயிலும் மழையும் தோட்டாவுக்கு ஆகாது. காகிதத் தோட்டா ஈரத்தில் உப்பிக்கொண்டு அறைக்குள் போகாது. பித்தளையில் பச்சைக் களிம்பு பிடித்தது, கேப் துருவேறியது, ஓட்டுக் கூரைக்கு அடியில் பரணில் வருஷக்கணக்காகக் கிடந்தது எதையும் காவலுக்கு நம்பாதீர்கள். குதிரையைத் தட்டியும் வெடிக்கவில்லை என்றால் உடனே திறக்காதீர்கள். குழலை ஆளில்லாத மண் பக்கம் பிடித்தபடி அரை நிமிஷத்துக்கு மேல் பொறுங்கள். சில தோட்டா தாமதித்து வெடிக்கும். சத்தம் வழக்கத்தைவிட மந்தமாக இருந்தால் அடுத்த தோட்டாவைப் போடும் முன் குழலைத் திறந்து வெளிச்சத்தில் பாருங்கள். அடைப்பு இருக்கலாம். கெட்ட தோட்டாவைக் கிணற்றில் எறியாமல், அடுப்பில் போடாமல், உரிமம் பெற்ற கடையிலோ காவல் நிலையத்திலோ ஒப்படையுங்கள். வீட்டில் மருந்து அடைப்பது, பழைய தோட்டாவைத் திரும்ப நிரப்புவது இரண்டுக்கும் உங்கள் உரிமம் இடம் தரவில்லை.

சட்டத்துக்கு வருகிறேன். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. தற்காப்பு உரிமை அதில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் வருகிறது. சொத்தைக் காக்கும்போது எதிராளிக்கு மரணம் நேர்ந்தாலும் உரிமை செல்லும் என்று 41ஆம் பிரிவு சொல்லும் சந்தர்ப்பங்கள் கொள்ளை, சூரியன் மறைந்தபின் உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைவது, குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பது, உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச நியாயம் இருக்கும் திருட்டு அல்லது அத்துமீறல் ஆகியவை. வெறும் ஆட்டுத் திருட்டு அதில் இல்லை. ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறவனின் முதுகில் சுட்டால் அது காவல் இல்லை, கொலை வழக்கு. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, அரசின் உதவியை நாட அவகாசம் இருந்தால் உரிமையே இல்லை என்று 37ஆம் பிரிவு வரம்பு கட்டுகிறது. தற்காப்பு உரிமை பழிவாங்குவதற்கானது அல்ல என்பதை உச்ச நீதிமன்றமும் 2010இல் தர்சன் சிங் வழக்கில் விளக்கமாக எழுதியிருக்கிறது. உயிருக்கு உண்மையிலேயே ஆபத்து வந்தவனைக் கைகட்டி நிற்கச் சொல்லவில்லை என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

பன்றிக்காகச் சுடுகிறேன் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மல்லாட்டையையும் மரவள்ளியையும் காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் உழுதுவிட்டுப் போவது எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள விலங்கு. துப்பாக்கி உரிமம் அதைச் சுடும் அனுமதி ஆகாது. 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு வைத்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டில் இருந்து 1 கி.மீ.க்குள் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கி.மீ.க்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர்தான் சுடலாம். பாக்கம் மலைக் காட்டோரத்தில் இருப்பவர்கள் மனு எழுதி வனச்சரக அலுவலகத்தில் கொடுங்கள், இழப்பீட்டுக்கும் சேர்த்தே கேளுங்கள். புதரில் சலசலப்பு கேட்டதும் சுடுகிறவர் பன்றியைச் சுடவில்லை, சத்தத்தைச் சுடுகிறார். அந்தச் சத்தம் ஒரு மனிதராகவும் இருக்கலாம்.

இவ்வளவுக்கும் மேலே ஒரு உண்மை இருக்கிறது. ஒவ்வொரு தேர்தல் அறிவிப்பு வந்ததும் நம்மில் பெரும்பாலோர் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீதோடு வருகிறோம். முடிவு வெளியாகித் திரும்ப வாங்கும்வரை வாரக்கணக்கில் வீட்டில் துப்பாக்கி கிடையாது. அந்த நாட்களில் உங்கள் வீட்டைக் காப்பது எதுவோ அதுதான் மற்ற நாட்களிலும் முதல் காவல். உறுதியான கதவு, உள்தாழ்ப்பாள், நாலு மூலையிலும் விளக்கு, நாய், பக்கத்துக் கழனிக்காரரின் போன் நம்பர், 112. இரவு ரோந்துப் பட்டியலில் தனி வீடுகளைச் சேர்க்கும்படி ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள். பீரோவில் நகையைக் குவித்து வைத்துவிட்டுத் துப்பாக்கியைத் தேடுவதைவிட, நகையை லாக்கருக்கு அனுப்புவது பெரிய தற்காப்பு.

துப்பாக்கியும் கையில் இருக்கிறது என்றால் இந்த வாரமே இதைச் செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில் வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு அறை அறையாக நில்லுங்கள். வாசலைப் பார்த்து நின்றால் பின்னால் யார் வீடு, ஜன்னலைப் பார்த்து நின்றால் எதிரே பாறையா மண்மேடா, பிள்ளைகள் எந்தச் சுவருக்குப் பின்னால் படுக்கிறார்கள் என்று ஒவ்வொன்றையும் சொல்லிப் பாருங்கள். எந்தத் திசையில் சுடவே கூடாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சத்தம் கேட்டால் குடும்பம் முழுவதும் எந்த அறையில் சேர்ந்து கதவைச் சாத்திக்கொள்வது என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். அந்த அறை வாசலைத் தாண்டி வீட்டுக்குள் திருடனைத் தேடிப் போகாதீர்கள். டார்ச் அடித்து முகம் பார்த்து, யார் என்று உரக்கக் கேட்காமல் விரலைக் குதிரைக்குக் கொண்டுபோகாதீர்கள். ராத்திரி லேட்டாக வந்து பின்கதவைத் தட்டுவது சொந்த மகனாகவும் இருக்கலாம். துப்பாக்கியை ஒரு பூட்டிலும் தோட்டாவை வேறொரு பூட்டிலும் வையுங்கள். விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் எல்லாப் பெட்டியையும் திறந்து பார்ப்பார்கள்.

உங்களிடம் கேட்க ஒன்று உண்டு. புது உரிமம் கேட்பவர் ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் சொல்கின்றன. நம்மில் பலர் அதற்கு முன்பே உரிமம் வாங்கியவர்கள். குழலின் அறையை அளந்து பார்த்தவர்கள் நம்மிடையே குறைவு, இரவு வெளிச்சத்தில் குறி பழகியவர்கள் அதைவிடக் குறைவு. ஆகவே மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். உரிமம் புதுப்பிக்கும்போதும், தேர்தல் முடிந்து துப்பாக்கியைத் திரும்பத் தரும்போதும், செஞ்சியிலேயே ஒரு நாள் முகாம் நடத்த வேண்டும்; காவல்துறையின் ஆயுதப் பிரிவினர் எங்கள் துப்பாக்கியையும் தோட்டாவையும் சோதித்து, பழையதைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டு, அரை நாள் பாதுகாப்பு வகுப்பு எடுக்க வேண்டும் என்பதே அதில் உள்ள கோரிக்கை. ஒருவன் கொடுத்தால் அது காகிதம். உரிமம் வைத்திருக்கும் எல்லோரும் சேர்ந்து கொடுத்தால் பதில் வரும். வரும் வெள்ளிக்கிழமை சந்தைக்கு மனுவோடு வருகிறேன். உங்கள் உரிமப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

உங்களில் ஒருவன்,
முன்னாள் படைவீரர், செஞ்சி